ரூட் கெனால்: பல்லுக்குள் எதை ஊற்றுகிறார்கள், எதை வைத்து அடைக்கிறார்கள்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ரூட் கெனால் என்றதும் முதலில் வருவது வலியைப் பற்றிய கேள்வி, அடுத்தது செலவு. அதற்குப் பிறகு எல்லாரும் கேட்பது மருந்துகளைப் பற்றித்தான். வாயில் ஒரு நெடி, நாக்கில் ஒரு கசப்பு, எக்ஸ்ரேயில் வெள்ளைக் கோடு, பில்லில் புரியாத ஒரு பெயர் என்று ஏதாவது ஒன்று அவர்களை உறுத்திக்கொண்டே இருக்கும். பல் மருத்துவராக நான் திரும்பத் திரும்பக் கேட்டவற்றை, கேட்டவர்கள் சொன்ன விதத்திலேயே தொகுத்திருக்கிறேன். உங்கள் பல்லுக்கு என்ன வேண்டும் என்பதை எக்ஸ்ரே பார்த்து நேரில் சோதித்தவர்தான் சொல்ல முடியும். அவரிடம் என்னென்ன கேட்கலாம் என்று தெரிந்துகொள்ள இது உதவும்.

"நரம்பை எடுத்துட்டு சிமென்ட் போட்டு அடைக்கிறதுதானே ரூட் கெனால்?"

பாதி சரி. பல்லின் நடுவில் பற்கூழ் என்ற மென்மையான திசு இருக்கிறது. அதில் நரம்பும் உண்டு, ரத்தக் குழாயும் உண்டு. சொத்தை ஆழமாகி கிருமி அங்கே போய்விட்டால் அது அழுக ஆரம்பித்து, வேர் நுனி வழியாக எலும்பு வரைக்கும் தொற்று இறங்கும். அந்தக் கூழை எடுத்து, வேருக்குள் ஓடும் குழாய்களில் உள்ள கிருமியைக் கொன்று, மறுபடி கிருமி நுழையாதபடி அடைப்பதுதான் சிகிச்சை. எடுப்பதையும் அடைப்பதையும் எல்லாரும் சொல்வார்கள், நடுவில் இருக்கும் கிருமி நீக்கத்தை விட்டுவிடுவார்கள். நேரம் அதிகம் பிடிப்பதும் சிகிச்சையின் வெற்றி தோல்வியைத் தீர்மானிப்பதும் அந்த நடு வேலைதான்.

1965இல் அமெரிக்காவில் ககேஹாஷி, ஸ்டான்லி, ஃபிட்ஸ்ஜெரால்ட் மூவரும் எலிகளின் பல்லில் துளை போட்டு, பற்கூழைத் திறந்தபடி விட்டுப் பார்த்தார்கள். சாதாரண எலிகளுக்குக் கூழ் அழுகிச் சீழ் பிடித்தது. கிருமியே இல்லாத சூழலில் வளர்த்த எலிகளுக்கோ, உணவுத் துணுக்கு போய் அடைத்திருந்தும்கூட, துளையின் மேல் புதிய பல்திசு வளர்ந்து மூடிக்கொண்டது. பல் மருத்துவம் படிக்கும் எவரும் இந்தச் சோதனையைப் படிக்காமல் தாண்ட முடியாது. பிரச்சினை துளையில் இல்லை, கிருமியில்தான் என்பதை அது தெளிவாகக் காட்டிவிட்டது.

"அப்போ ஆன்டிபயாடிக் மாத்திரை சாப்பிட்டா கிருமி செத்துடாதா?"

சாகாது. மாத்திரை ரத்தம் வழியாகத்தான் போய்ச் சேரும். அழுகிய பற்கூழில் ரத்த ஓட்டமே கிடையாது, அதனால் மருந்து அங்கே எட்டாது. முகம் வீங்கியிருந்தாலோ காய்ச்சல் இருந்தாலோ, தொற்று பல்லைத் தாண்டி வெளியே பரவியிருக்கிறது என்று அர்த்தம். அப்போது மாத்திரை வேண்டும், ஆனால் அதோடு பல்லைத் திறந்து சுத்தம் செய்யவும் வேண்டும். "மாத்திரை போட்டேன், வலி நின்னுடுச்சு" என்று நிறுத்திக்கொள்கிறவர்கள் சில மாதத்தில் இன்னும் பெரிய வீக்கத்தோடு வருவதுதான் வழக்கம்.

"கம்பி மாதிரி ஒண்ண விட்டுத் தேய்க்கிறாங்களே, அதுலயே சுத்தமாயிடாதா? எதுக்கு அப்புறம் ஊசில தண்ணி அடிச்சுக்கிட்டே இருக்காங்க?"

அந்தக் கம்பிக்குப் பெயர் ஃபைல். அது உருண்டை, வேர்க்குழாய் அப்படி இருப்பதில்லை. சில இடத்தில் நாடா போலத் தட்டையாக, சில இடத்தில் இரண்டாகப் பிரிந்து மறுபடி சேர்ந்து, பக்கவாட்டில் கிளை விட்டு ஓடும். மேல்தாடையின் முதல் கடைவாய்ப் பல்லில் மூன்று வேர் இருக்கும், ஆனால் பெரும்பாலும் நான்கு குழாய் இருக்கும். அந்த நான்காவது கண்ணில் படாமல் போய்த் தோற்ற சிகிச்சைகள் நிறைய.

2001இல் பீட்டர்ஸ் என்பவரும் அவருடைய குழுவினரும் பற்களை மைக்ரோ சி.டி. ஸ்கேனில் வைத்து, ஃபைல் போடுவதற்கு முன்னும் பின்னும் ஒப்பிட்டார்கள். எந்த வகை ஃபைல் போட்டாலும், குழாய்ச் சுவரில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஃபைல் தொடவே இல்லை. தொடாத அந்தப் பகுதிக்குப் போகக்கூடியது திரவம் மட்டும்தான். ஃபைலின் முக்கியமான வேலையே திரவம் நுனி வரை போவதற்கு வழி அகலப்படுத்துவது என்றுதான் நான் பார்க்கிறேன். அதனால் யாராவது பத்து நிமிடத்தில் ரூட் கெனால் முடித்துவிட்டேன் என்றால் எனக்கு வருத்தமாக இருக்கும். குழாயைக் கண்டுபிடித்துத் தேய்க்க மெஷின் ஃபைலுக்கு அந்த நேரம் போதும், மருந்து வேலை செய்யப் போதாது.

"நீச்சல் குளத்துல வர்ற வாசனை வருது. ப்ளீச்சிங் பவுடர் தண்ணியா ஊத்துறாங்க?"

நெருங்கிய சொந்தம்தான். அது சோடியம் ஹைப்போகுளோரைட். துணி வெளுக்கும் திரவத்தில் இருப்பதும் இதே வேதிப்பொருள்தான். முதல் உலகப் போரில் காயங்களைக் கழுவ ஹென்றி டேக்கினும் அலெக்சிஸ் கேரலும் 0.5 சதவீதக் கரைசலாகப் பயன்படுத்திப் பெயர் பெற்றது இது. பல் வேருக்கு 0.5 முதல் 6 சதவீதம் வரை பயன்படுத்துகிறார்கள். நம் ஊர் கிளினிக்குகளில் 3 சதவீதமும் 5.25 சதவீதமும் சாதாரணமாகப் பார்க்கலாம்.

இதற்கு மாற்றாக எத்தனையோ வந்தும் இதை யாரும் இடத்தைவிட்டு அசைக்க முடியவில்லை, காரணம் ஒன்றுதான். இது கிருமியைக் கொல்வதோடு நிற்காமல் செத்த திசுவையே கரைத்துவிடுகிறது. ஃபைல் எட்டாத கிளையில் ஒட்டியிருக்கும் கூழ்த் துணுக்கைக் கரைக்க வேறு எந்தத் திரவத்தாலும் இந்த அளவுக்கு முடியாது. ஆனால் கரைக்கக் கரைக்க அதில் இருக்கும் குளோரின் தீர்ந்துபோகும். அதனால்தான் புதிதாக ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டும், மொத்தமாக 20 முதல் 30 நிமிடமாவது குழாய்க்குள் திரவம் நிற்க வேண்டும் என்று சொல்வார்கள். சூடாக்கினாலும் அல்ட்ராசோனிக் முனையால் அதிரவைத்தாலும் இன்னும் நன்றாக வேலை செய்யும். வெயிலிலும் வெளிச்சத்திலும் வைத்தால் வீரியம் போய்விடும், ஆகவே நம் ஊர்ச் சூட்டில் பாட்டிலைத் திறந்த மேஜையில் வாரக்கணக்கில் வைத்திருப்பது தவறு.

"அது தவறி வேருக்கு வெளியே போயிட்டா என்ன ஆகும்?"

செத்த திசுவைக் கரைக்கும் மருந்து உயிருள்ள திசுவையும் விட்டுவைக்காது. அழுத்தி ஊசி போட்டு, திரவம் வேர் நுனியைத் தாண்டி எலும்புக்குள் போனால், மரத்துப்போகும் ஊசி போட்டிருந்தும்கூட நோயாளி வலியில் துடிப்பார். குழாயிலிருந்து ரத்தம் வரும், சில நிமிடங்களிலேயே கன்னம் வீங்கும், அடுத்த நாட்களில் கண்ணுக்குக் கீழே வரை ரத்தம் கட்டி நீலம் பாய்ந்து தெரியும். பார்க்கப் பயமாக இருக்கும். உடனே உப்பு நீரால், அதாவது சலைனால், நன்றாக அலசி, முதல் நாள் ஐஸ் ஒத்தடமும் பிறகு வெதுவெதுப்பான ஒத்தடமும் கொடுத்து, வலி மருந்தோடு கவனித்தால் பெரும்பாலும் சில வாரத்தில் சரியாகிவிடும். மூச்சுவிடக் கஷ்டமாக இருந்தாலோ பார்வை மங்கினாலோ ஆஸ்பத்திரிக்குத்தான் போக வேண்டும்.

இது அரிதாக நடப்பது, தடுக்கவும் முடியும். ஊசியைக் கவனித்துப் பாருங்கள். சாதாரண ஊசி போல நுனியில் ஓட்டை இருக்காது. நுனி மூடியிருக்கும், பக்கவாட்டில் ஒரு சின்னச் சாளரம் இருக்கும். திரவம் கீழே பீய்ச்சாமல் சுவரை நோக்கிப் போவதற்குத்தான் அப்படிச் செய்கிறார்கள். ஊசி குழாயில் இறுகக் கூடாது, வேர் நுனிக்கு 2 மில்லிமீட்டர் முன்னாலேயே நிறுத்த வேண்டும், கட்டைவிரலால் அழுத்தாமல் ஆள்காட்டி விரலால் மெதுவாகத் தள்ள வேண்டும்.

"வாய் மேல ரப்பர் ஷீட் மாதிரி ஒண்ணு போட்டாங்க, மூச்சு முட்டுது. அது இல்லாம பண்ண முடியாதா?"

அதன் பெயர் ரப்பர் டேம். 1864இல் நியூயார்க்கின் சான்ஃபோர்ட் பார்னம் என்ற பல் மருத்துவர் கொண்டுவந்தது. மேலே சொன்ன திரவம் தொண்டைக்குள் போகாமலும், ஃபைல் நழுவி விழுந்து விழுங்கப்படாமலும் அது காக்கிறது. அதைவிட முக்கியமானது எச்சில். எச்சிலில் கோடிக்கணக்கான கிருமி இருக்கிறது. ஒரு பக்கம் கிருமியைக் கொன்றுகொண்டே மறுபக்கம் எச்சிலை உள்ளே விட்டால் அத்தனை மருந்தும் வீண். பல மேலை நாடுகளில் இது இல்லாமல் ரூட் கெனால் தொடங்கக் கூடாது என்பது விதி மாதிரி. நம் ஊரில் இன்னும் எல்லா இடத்திலும் போடுவதில்லை, அது எனக்கு உண்மையிலேயே கவலையான விஷயம். "ரப்பர் டேம் போடுவீங்களா டாக்டர்?" என்று தயங்காமல் கேளுங்கள். மூக்கால் மூச்சு விட்டால் முட்டாது. சளி பிடித்து மூக்கு அடைத்திருந்தால் முன்கூட்டியே சொல்லி வேறு நாள் வாங்கிக்கொள்ளுங்கள்.

"ஒரு ஊசி முடிஞ்சதும் வேற ஊசி எடுக்கிறாங்க. ரெண்டும் வேற வேற மருந்தா?"

ஆமாம். தேய்க்கும்போது வரும் பல்தூள் கூழோடு கலந்து சுவரில் ஒரு படலமாக அப்பிக்கொள்ளும். ஹைப்போகுளோரைட்டால் அதில் இருக்கும் சுண்ணச் சத்தை எடுக்க முடியாது. அதற்கு 17 சதவீத ஈ.டி.டி.ஏ. கரைசல். ஒரு நிமிடம் போதும். நீண்ட நேரம் விட்டால் பல்லையே அரிக்க ஆரம்பிக்கும். படலம் போனதும் பல்லின் நுண்குழல்களின் வாய் திறந்துகொள்ளும், பின்னால் குழாயை அடைக்க வைக்கும் சீலர் என்ற பசையும் நன்றாகப் பிடிக்கும்.

சிலர் கடைசியாக 2 சதவீத குளோர்ஹெக்ஸிடின் விடுவார்கள். வாய் கொப்பளிக்கும் மருந்தாக இதே பெயர் கேள்விப்பட்டிருப்பீர்கள். இது திசுவைக் கரைக்காது, ஆனால் சுவரில் ஒட்டிக்கொண்டு பல நாள் கிருமியைத் தடுக்கும். ஒரு எச்சரிக்கை மட்டும் உண்டு. ஹைப்போகுளோரைட் மிச்சம் இருக்கும்போது குளோர்ஹெக்ஸிடினை விட்டால் இரண்டும் சேர்ந்து செங்கபில நிறத்தில் ஒரு கசடாகத் திரண்டு நுண்குழல்களை அடைத்துவிடும். கண்ணாடிக் கிண்ணத்தில் இரண்டு சொட்டு கலந்து பார்த்தாலே தெரியும், கலந்த மாத்திரத்தில் நிறம் மாறிவிடும். பல்லின் நிறத்தையும் அது கெடுக்கும். அதனால் நடுவில் சலைன் விட்டு அலசிக் குழாயை உலர்த்திய பிறகுதான் அடுத்தது.

"உள்ள சுண்ணாம்பு வச்சிருக்கேன், பத்து நாள் கழிச்சு வாங்கன்னாரு. வெத்தலைக்குத் தடவுற சுண்ணாம்பா?"

வேதியியல்படி அதேதான். நீற்றிய சுண்ணாம்பு, அதாவது கால்சியம் ஹைட்ராக்சைடு. 1920இல் ஜெர்மனியின் ஹெர்மன் இதைப் பல் மருத்துவத்துக்குக் கொண்டுவந்தார். கிளினிக்கில் இருப்பது சுத்திகரித்த தூள், எக்ஸ்ரேயில் தெரிவதற்குச் சிலவற்றில் பேரியம் சல்பேட் சேர்த்திருக்கும். தயிர் பதத்தில் குழைத்தோ, ரெடிமேட் சிரிஞ்சிலிருந்தோ குழாய்க்குள் நிரப்புவார்கள். இதன் பி.எச். அளவு சுமார் 12.5. அந்தக் காரத்தில் பெரும்பாலான கிருமிகள் பிழைக்காது. என்டெரோகாக்கஸ் ஃபீகாலிஸ் என்ற ஒரு கிருமி மட்டும் இதையும் தாக்குப்பிடிக்கும். தோற்றுப்போன பழைய சிகிச்சைகளில் அடிக்கடி கண்ணில் படுவது அதுதான்.

சுண்ணாம்புதானே என்று வீட்டில் இருப்பதை எடுத்து வலிக்கும் பல்லில் வைத்துவிடாதீர்கள். ஈறும் கன்னத்தின் உட்புறமும் வெந்துபோய் வெள்ளையாக உரிந்து வருகிறவர்களை இன்றும் பார்க்கிறோம். மருந்தாகப் பயன்படும்போது அது பல்லுக்குள் மட்டும் அடைபட்டிருக்கிறது, ஈறில் படுவதே இல்லை.

"சிலர் ஒரே நாள்ல முடிக்கிறாங்க, எனக்கு மட்டும் ஏன் மூணு தடவை?"

பற்கூழுக்கு உயிர் இருந்து, வலி மட்டும் இருந்தால், உள்ளே கிருமி அதிகம் இருக்காது. ஒரே அமர்வில் முடிக்கலாம். சீழ் வந்துகொண்டே இருந்தாலோ, குழாயை உலர்த்தவே முடியாவிட்டாலோ, பழைய சிகிச்சை தோற்று மறுபடி செய்தாலோ, மேலே சொன்ன சுண்ணாம்பு மருந்தை ஒன்றிரண்டு வாரம் உள்ளே விடுவது நல்லது. ஒரே நாளில் முடித்ததற்கும் பல நாளில் முடித்ததற்கும் ஆறும் விதத்தில் பெரிய வித்தியாசம் இல்லை என்றுதான் இதுவரை வந்த ஆய்வுகள் சொல்கின்றன. மருத்துவர் உங்களை அலைக்கழிக்கிறார் என்று எடுத்த எடுப்பில் நினைக்க வேண்டாம், காரணத்தைக் கேளுங்கள்.

"டெம்பரரி ஃபில்லிங் விழுந்துடுச்சு. வலி இல்ல. அடுத்த அப்பாயின்ட்மென்ட் வரைக்கும் விட்டுடலாமா?"

விடாதீர்கள், மறுநாளே போய் வையுங்கள். வலி இல்லாதது நரம்பு இல்லாததால், கிருமி இல்லாததால் அல்ல. தற்காலிக அடைப்பு குறைந்தது மூன்றரை மில்லிமீட்டர் கனம் இருந்தால்தான் எச்சில் கசியாமல் தடுக்கும். அது இல்லாமல் சில நாள் இருந்தாலே சுத்தம் செய்ததை மறுபடி முதலிலிருந்து செய்ய வேண்டிவரலாம். வைத்த அன்று ஒரு மணி நேரமாவது அந்தப் பக்கம் மெல்லாமல் இருங்கள். எச்சிலின் ஈரம் பட்டுத்தான் அது இறுகும். மேலாகக் கொஞ்சம் தேய்ந்து குழி விழுவது சகஜம், அதற்குப் பதற வேண்டாம்.

"நரம்பைச் சாகடிக்க மருந்து வச்சிருக்கேன்னு ஒருத்தர் சொன்னாரு. அது நல்லதா?"

எந்த மருந்து என்று கட்டாயம் கேளுங்கள். ஒரு காலத்தில் ஆர்செனிக் வைத்தார்கள். பாராஃபார்மால்டிஹைடு கலந்த பசைகளும் உண்டு. மரத்துப்போகச் செய்வது கஷ்டமாக இருந்த நாட்களில் அவற்றுக்கு ஒரு தேவை இருந்தது. இன்று நல்ல மரப்பு ஊசிகள் இருக்கும்போது அந்தத் தேவை அநேகமாக இல்லை. இந்தப் பசை ஓரமாகக் கசிந்தால் ஈறும் எலும்பும் செத்துப்போகும், செத்த எலும்பு திரும்பி வராது. ஆர்செனிக்கை எந்தக் காரணத்துக்காகவும் இன்று யாரும் வைக்கக் கூடாது. இதே பாராஃபார்மால்டிஹைடைச் சேர்த்து குழாயை நிரந்தரமாக அடைக்கும் பசையாக சார்ஜென்டி என்பவர் பரப்பியதும் உண்டு. அமெரிக்காவில் அதற்கு மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பின் அனுமதி கிடைக்கவே இல்லை.

"ரோஸ் கலர்ல குச்சி குச்சியா எடுத்து உள்ள விடுறாங்களே, அது பிளாஸ்டிக்கா?"

அது மரப்பால். பெயர் குட்டா பெர்ச்சா. மலாய் மண்ணில் வளரும் பலாக்கியம் குட்டா என்ற மரத்திலிருந்து வருவது, நம் இலுப்பை, சப்போட்டா, மகிழம் எல்லாம் இருக்கும் அதே தாவரக் குடும்பம். ரப்பரும் இதுவும் ஒரே மூலக்கூறுதான், கட்டமைப்பு மட்டும் திரும்பியிருக்கும். அதனால் இது ரப்பர் போல இழுபடாமல் விறைப்பாக இருக்கும், சூடு காட்டினால் இளகும். 1840களில் வில்லியம் மான்ட்கோமரி சிங்கப்பூரிலிருந்து லண்டனுக்கு அனுப்பிவைத்த பிறகு ஐரோப்பாவில் இதற்குப் பெரிய கிராக்கி. 1851இல் இங்கிலாந்துக்கும் பிரான்சுக்கும் இடையே கடலடியில் போட்ட தந்திக் கம்பிக்கு உறையே இதுதான். 1867இல் அமெரிக்காவின் போமன் இதை வேர்க்குழாயில் வைத்தார். 150 வருடத்துக்கு மேலாகியும் இன்னும் அதே பொருள்.

இன்று கையில் எடுக்கும் குச்சியில் குட்டா பெர்ச்சா ஐந்தில் ஒரு பங்கு, பாக்கி பெரும்பாலும் துத்தநாக ஆக்சைடு. எக்ஸ்ரேயில் வெள்ளையாகத் தெரிய உலோக உப்புகளும் கொஞ்சம் இருக்கும். சூடு பட்டால் இளகும் என்பதால் இதைக் கருவிகளைப் போல, நீராவிச் சூட்டில் கிருமி நீக்கும் ஆட்டோகிளேவில் வைக்க முடியாது. பெட்டியிலிருந்து எடுத்ததை ஒரு நிமிடம் ஹைப்போகுளோரைட்டில் முக்கி எடுத்து, அலசி, துடைத்துத்தான் உள்ளே விட வேண்டும். அப்புறம், மேலே நீட்டிக்கொண்டிருக்கும் பகுதியைச் சுட்ட கருவியால் துண்டிக்கும்போது ஒரு சின்னப் புகையும் வாடையும் வரும். அது உங்கள் பல் கருகும் வாடை இல்லை.

"குச்சி வச்சாச்சுன்னா போதாதா? சீலர்னு தனியா பில் போட்டிருக்காங்க."

குச்சி எதிலும் ஒட்டாது. குச்சிக்கும் சுவருக்கும் நடுவில் இருக்கும் இடுக்கை நிரப்புவதுதான் சீலர். கிளினிக்குக்குள் நுழைந்ததும் வரும் கிராம்பு மணம் இருக்கிறதே, அது யூஜெனால். துத்தநாக ஆக்சைடோடு அதைக் குழைத்துச் செய்யும் சீலர்தான் பழையது, மலிவானது, இன்றும் பரவலானது. அதில் ஒரு சிக்கல் என்னவென்றால், யூஜெனால் மிச்சம் இருந்தால் மேலே போடும் பல் நிற காம்போசிட் ஃபில்லிங் சரியாக இறுகாது. நன்றாகத் துடைக்க வேண்டும். அடுத்தது எபாக்சி ரெசின் வகை, ஏ.எச். பிளஸ் போன்றது. புதிதாக வரும் சீலர்களை எல்லாம் இதோடுதான் ஒப்பிட்டுப் பார்க்கிறார்கள்.

"பயோசெராமிக் போட்டா கூடுதல் பணமாம். போடணுமா?"

பயோசெராமிக் சீலர் என்பது கால்சியம் சிலிக்கேட். ஈரத்திலேயே இறுகும், சுருங்காது, வேர் நுனியைத் தாண்டிக் கொஞ்சம் போனாலும் திசு அதைப் பொறுத்துக்கொள்ளும். நல்ல பொருள்தான், நானே பல பற்களில் விரும்பிப் பயன்படுத்துகிறேன். ஆனால் ரெசின் சீலரைவிட இதனால் சிகிச்சையின் வெற்றி பெரிதாகக் கூடியதாக இதுவரை ஆய்வுகள் காட்டவில்லை. சுத்தம் செய்யாத குழாயில் எவ்வளவு விலை உயர்ந்த சீலரைப் போட்டாலும் கிருமியைச் சிறை வைத்தது போலத்தான். கையில் அளவான பணம்தான் இருக்கிறது என்றால் சீலருக்குக் கொடுப்பதை, பின்னால் பல்லின் மேல் உறையாக மாட்டும் கேப்புக்குக் கொடுங்கள்.

"எம்.டி.ஏ.ன்னா வீடு கட்டுற சிமென்ட்தான்னு யூட்யூப்ல சொல்றாங்களே?"

எம்.டி.ஏ. என்பது வேரில் இருக்கும் ஓட்டையை அடைக்க வைக்கும் ஒரு பொருள். அடிப்படை அதுதான், மறைக்க ஒன்றுமில்லை. 1990களில் கலிஃபோர்னியாவின் லோமா லிண்டா பல்கலைக்கழகத்தில் மஹ்மூத் தொராபினெஜாத் உருவாக்கினார். போர்ட்லாண்ட் சிமென்ட் சுமார் 75 சதவீதம், எக்ஸ்ரேயில் தெரிவதற்கு பிஸ்மத் ஆக்சைடு 20 சதவீதம், ஜிப்சம் 5 சதவீதம். ஆனால் மூட்டையில் வரும் சிமென்ட்டில் கன உலோகக் கலப்படம் இருக்கும், துகளும் பெரிது. மருத்துவ எம்.டி.ஏ. சுத்திகரித்து, நுண்ணியதாக அரைத்து, கிருமி நீக்கி வருவது. அதை இதோடு சேர்த்துப் பேசி யாரும் பயமுறுத்த வேண்டாம்.

வேரில் தவறி ஓட்டை விழுந்தால் அடைப்பதற்கும், வேர் நுனி இன்னும் மூடாத சிறுவர்களின் பல்லில் நுனியில் அடைப்பு வைப்பதற்கும் இதைப் போல வேறு பொருள் முன்பு இருந்ததில்லை. முன்பெல்லாம் அந்தச் சிறுவர்களுக்கு மாதக்கணக்கில் சுண்ணாம்பு மருந்தை மாற்றி மாற்றி வைப்பார்கள். இறுக இரண்டே முக்கால் மணி நேரத்துக்கு மேல் ஆகும், பிஸ்மத்தால் பல் கருக்கக்கூடும் என்பதுதான் குறை. அதனால் முன்பல்லில் பிஸ்மத் இல்லாத பயோடென்டின் போன்றவற்றைத் தேர்ந்தெடுப்பார்கள். அது சுமார் 12 நிமிடத்தில் இறுகிவிடும்.

"குழந்தைக்குப் பால் பல்லுல பண்ணாங்க. அதே ரோஸ் குச்சிதானா?"

கூடாது. பால் பல்லின் வேர் தானாகக் கரைந்துதான் நிலைப்பல் மேலே வரும். குட்டா பெர்ச்சா கரையாது, வழியில் நின்றுவிடும். அதனால் அங்கே வேரோடு சேர்ந்து கரையும் பசை வைப்பார்கள். கால்சியம் ஹைட்ராக்சைடும் அயோடோஃபார்மும் கலந்த மஞ்சள் பசை, அல்லது துத்தநாக ஆக்சைடு யூஜெனால். குழந்தைக்கு அயோடின் ஒவ்வாமை இருந்தால் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

"எக்ஸ்ரேல வெள்ளைக் கோடு வேரைத் தாண்டி வெளிய போயிருக்கு. தப்புப் பண்ணிட்டாங்களா?"

என்ன வெளியே போயிருக்கிறது என்பதைப் பொறுத்தது. சின்னப் புள்ளி மாதிரி சீலர் கசிந்திருந்தால் பெரும்பாலும் கவலை இல்லை, பல வகைச் சீலர்களை உடம்பு மெல்லக் கரைத்துக்கொள்ளும். குச்சியே தாண்டியிருந்தால், அது கரையாது. வலியோ வீக்கமோ இல்லாவிட்டால் ஆறு மாதம், ஒரு வருடம் என்று எக்ஸ்ரே எடுத்துக் கவனிப்பார்கள்.

ஒன்றே ஒன்று அவசரம். கீழ்க் கடைவாய்ப் பல் முடித்த பிறகு, மரப்பு ஊசியின் வேகம் போகவேண்டிய நேரம் கடந்தும் கீழ் உதடும் மோவாயும் மரத்தே இருந்தால் அன்றே மருத்துவரைக் கூப்பிடுங்கள். அந்தப் பற்களின் வேருக்கு மிக அருகில் தாடை நரம்பு ஓடுகிறது. பொருள் அதில் பட்டிருந்தால் ஓரிரு நாளுக்குள் எடுத்தால்தான் நரம்பு தேற வாய்ப்பு அதிகம். அடுத்த வாரம் பார்க்கலாம் என்று இருக்கக் கூடாது.

"எனக்கு அலர்ஜி இருக்கு, மாசமா வேற இருக்கேன். இந்த மருந்தெல்லாம் ஒத்துக்குமா?"

லேடெக்ஸ் ஒவ்வாமை இருந்தால் லேடெக்ஸ் இல்லாத ரப்பர் டேம் கிடைக்கிறது. குளோர்ஹெக்ஸிடினுக்கு அரிதாகக் கடுமையான ஒவ்வாமை வருவதுண்டு, மவுத்வாஷில் அரிப்போ தடிப்போ வந்திருந்தால் அதைச் சொல்லாமல் விடாதீர்கள். கிராம்புத் தைலம் ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு யூஜெனால் இல்லாத சீலர் உண்டு.

கர்ப்பகாலத்தில் இந்தத் திரவங்களும் பசைகளும் பல்லுக்குள்ளேயே இருப்பதால் பயப்பட வேண்டியதில்லை. நான்காம் மாதத்திலிருந்து ஆறாம் மாதம் வரை உட்கார வசதியான காலம். சீழ் பிடித்திருந்தால் மாதம் பார்த்துத் தள்ளிப்போட வேண்டாம், தொற்றை அப்படியே விடுவதுதான் அதிக ஆபத்து.

"ரூட் கெனால் முடிஞ்சுது, வலியும் போச்சு. கேப் அப்புறம் போட்டுக்கலாமா?"

இந்த "அப்புறம்" பல பற்களைப் பறித்திருக்கிறது. குழாயை எவ்வளவு நன்றாக அடைத்தாலும் மேலே கசிந்தால் எச்சில் கீழே இறங்கி, சில மாதத்தில் எல்லாம் பழையபடி ஆகிவிடும். அத்தோடு கடைவாய்ப் பல் உள்ளே குடைந்த பிறகு பலவீனமாக இருக்கும், முறுக்கோ எலும்போ கடிக்கும்போது வேர் வரை பிளந்தால் பிடுங்குவதைத் தவிர வழி இல்லை. முதலில் நிரந்தர ஃபில்லிங், அப்புறம் சில வாரத்துக்குள் கேப். சொத்தை சிறிதாக இருந்த முன்பல் என்றால் கேப் இல்லாமலும் சமாளிக்கலாம்.

"இந்த மருந்துங்க உடம்புக்குள்ள போய் கேன்சர் வரும்னு வாட்ஸாப்ல வந்துச்சு."

இதன் வேர் நூறு வருடம் பழையது. 1920களில் அமெரிக்காவின் வெஸ்டன் பிரைஸ், சிகிச்சை செய்த பற்களை முயல்களின் தோலுக்கடியில் வைத்துப் பார்த்து, அவற்றால்தான் உடம்பின் நோய்களெல்லாம் வருகின்றன என்றார். அந்தச் சோதனைகள் சரியான ஒப்பீடு இல்லாமல் நடந்தவை, பின்னால் கவனமாகச் செய்துபார்த்தவர்களுக்கு அதே முடிவு கிடைக்கவில்லை. அதற்குள் அதை நம்பி எத்தனையோ பேருக்கு நல்ல பற்களை வரிசையாகப் பிடுங்கிவிட்டார்கள். ரூட் கெனாலால் புற்றுநோய் வரும் என்பதற்கு ஆதாரம் கிடையாது. அந்த வீடியோவைப் பார்த்துவிட்டு, சீழ் பிடித்த பல்லை அப்படியே வைத்துக்கொண்டிருப்பதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது.

"பத்து வருஷம் முன்னாடி பண்ணது, இப்போ வீங்குது. பழைய மருந்தை எப்படி வெளிய எடுப்பாங்க?"

குட்டா பெர்ச்சாவைச் சூட்டால் இளக்கியோ, கரைப்பான் ஒன்றிரண்டு சொட்டு விட்டோ எடுப்பார்கள். ஆரஞ்சு எண்ணெய், சைலீன், நீலகிரித் தைலம் மூன்றும் இதற்குப் பயன்படும். பிறகு சுத்தம் செய்யும் படி எல்லாம் மேலே சொன்னதேதான், இன்னும் கூடுதல் நேரம் எடுத்து. பயோசெராமிக் சீலரைக் கரைக்கச் சரியான கரைப்பான் இல்லை, குச்சியை வழியாக வைத்துக்கொண்டு சுரண்டித்தான் போக வேண்டும். குழாய் முழுக்க எம்.டி.ஏ. அடைத்திருந்தால் இன்னும் கஷ்டம்.

மிகக் கடினமானது ரிசார்சினால் ஃபார்மலின். சோவியத் நாடுகளிலும் சீனாவிலும் இந்தியாவிலும் ஒரு காலத்தில் வைத்தது, பல்லே செங்கல் நிறமாக மாறியிருப்பதைப் பார்த்ததும் தெரிந்துவிடும். இறுகிப்போனால் எந்தக் கரைப்பானுக்கும் மசியாது. அப்போது ஈறு வழியாக வேர் நுனியை வெட்டி, அங்கிருந்தே அடைக்கும் அறுவை சிகிச்சைதான் பல நேரம் கைகொடுக்கும். மறுசிகிச்சைக்குப் போகும்போது பழைய எக்ஸ்ரேயும் பழைய கிளினிக்கின் சீட்டும் இருந்தால் எடுத்துக்கொண்டு போங்கள். எந்தச் சீலர் வைத்தார்கள் என்று அதில் எழுதியிருந்தால், குடைவதா அறுவை சிகிச்சையா என்று முதல் நாளே முடிவெடுக்க முடியும்.